துறைமுகக் கணக்கரும் அணுவின் கருவும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், இளங்கலை வகுப்பில் மணிமேகலையின் 'சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை'யைப் பயிற்றிக் கொண்டிருந்தோம். ஆசீவகர் கூற்றாக அங்கு வரும் அணுக்கொள்கையை விளக்கி, 'மேலைநாட்டார் நேற்றுக் கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர்' என்று பெருமிதத்தோடு முடித்தோம். வகுப்பு கைதட்டியது. அப்போது கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். அவர்தம் தந்தையார் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளர். "ஐயா, நாம் அன்றே கண்டோம் என்றால், இயற்பியல் புத்தகத்தில் நம்மவர் பெயர் ஒன்றுகூட ஏன் இல்லை? அந்த அணுவும் இந்த அணுவும் ஒன்றுதானா?" என்று வினவினார்.

மணி அடித்தது, நாம் தப்பினோம். மறுநாள் விடை கூறுவதாகச் சொன்னோம், கூறவில்லை. கூறுவதற்கு எம்மிடம் விடை இல்லை என்பதே உண்மை. அம்மாணவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். வினா மட்டும் எம்மோடு தங்கிவிட்டது. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை. அணுவின் இயல்பை உலகுக்கு உணர்த்திய அறிஞர்களைப் பற்றியும், அவ்வரலாற்றில் நம் வடசென்னைக் கடற்கரைக்கு உள்ள ஓர் இழையைப் பற்றியும் ஈண்டுக் காண்போம்.

அணு என்னும் சொல்

முதலில் எம் தவற்றைத் திருத்திக்கொள்வோம். மணிமேகலை கூறும் அணு நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகைப்படும். அவ்வணு புதிதாய்த் தோன்றாது, அழியாது, இரண்டாகப் பிளவுபடாது, நீரணு நிலவணுவாகத் திரியாது. ஒன்றுகூடிப் பொருளாவதும் பிரிந்து விலகுவதுமே அதன் தொழில். சிந்தனை என்ற அளவில் இது வியக்கத்தக்கது. எனினும், இன்றைய அறிவியல் காட்டும் அணு இதற்கு நேர்மாறானது, அது பிளவுபடும், ஒரு தனிமத்தின் அணு வேறொரு தனிமத்தின் அணுவாகவும் மாறும்.

அரபுச் சிந்தனை மரபிலும் இத்தகைய கொள்கை உண்டு. கலாம் என்னும் சமயத் தத்துவத் துறையினர், மேலும் பகுக்கவியலாத நுண்பொருளை 'ஜவ்ஹர்' என்றனர். 1013இல் மறைந்த பாகில்லானி இதனை விரித்துரைத்தார். அவர்தம் காலத்தவரான இப்னு சீனா இதனை மறுத்தார். திருமறையில் இடம்பெறும் 'தர்ரா' என்னும் சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'அணுவளவு' என்று தமிழாக்கினர். இன்றைய அரபு மொழியில் அணுவுக்கு அச்சொல்லே வழங்குகிறது. கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸ் உரைத்ததும் இவ்வகையினதே.

இவை யாவும் எண்ணிப் பார்த்துக் கண்டவை. நிறுத்தும் அளந்தும் கண்டவை அல்ல. இவ்வேறுபாட்டை உணராமல் பெருமை பேசினால், முன்னோர்க்கும் நீதி செய்யமாட்டோம்; அறிவியலுக்கும் நீதி செய்யமாட்டோம். ஆகவே, 'அந்த அணுவும் இந்த அணுவும் ஒன்றுதானா?' என்ற வினாவிற்குரிய விடை 'அன்று' என்பதேயாம். சொல் நம்முடையது, பொருள் புதியது.

அளந்து கண்டோர்

அணுவை நிறுத்துக் கண்டவர் இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் ஜான் டால்டன். தனிமங்கள் குறிப்பிட்ட எடை விகிதங்களிலேயே கூடுகின்றன என்பதிலிருந்து, ஒவ்வொரு தனிமத்திற்கும் தனி எடையுடைய அணு உண்டு என்று 1808இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 1897இல் கேம்பிரிட்ஜ் நகரில் ஜே.ஜே. தாம்சன், அணுவினும் மிகச் சிறிய எலக்ட்ரானைக் கண்டறிந்தார். பகுக்கவியலாதது எனப்பட்ட அணுவுக்குள்ளும் உறுப்புகள் உள என்பது அன்றே புலனாயிற்று.

அடுத்து வந்தவர் நியூசிலாந்தில் பிறந்த எர்னஸ்ட் ரூதர்போர்டு. அவரும் சாடி என்பவரும் 1902இல் தோரியத்தை ஆராய்ந்து, ஒரு தனிமம் தானே மற்றொரு தனிமமாக மாறுவதைக் காட்டினர். தோரியம் நமக்கு அயலானதன்று. நம் கன்னியாகுமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சி மணலில் அது நிறைந்துள்ளது. திருமண வீடுகளிலும் கந்தூரி விழாக்களிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்ணிற வலைக்கு ஒளி கூட்டியது தோரியமே. அவ்விளக்கொளியில் அமர்ந்து உண்ட நம் பாட்டன்மார், மாறிக்கொண்டிருந்த அணுக்களின் அருகிலேயே அமர்ந்திருந்தனர் எனலாம்.

1911இல் ரூதர்போர்டு மற்றோர் உண்மையை வெளியிட்டார். மெல்லிய பொன்தகட்டின்மீது ஆல்பா துகள்களைச் செலுத்தியபோது, பெரும்பாலானவை நேரே ஊடுருவின. பல ஆயிரங்களில் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. அணுவின் எடை முழுவதும் நடுவில் ஒரு சிறு கருவில் திரண்டுள்ளது; எஞ்சிய இடம் வெற்றிடம் என்று அவர் முடிவுகண்டார். பொன்னின் அணு ஒன்று இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை விரிந்து பரந்ததாகக் கற்பனை செய்தால், அதன் கரு ஒரு மீன்கூடையின் அளவே இருக்கும்!

இரண்டு இளைஞர்கள்

1912ஆம் ஆண்டு மார்ச் திங்களில் இரண்டு இளைஞர்கள் புதிய இடங்களில் அடியெடுத்து வைத்தனர். ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர். அவர் ரூதர்போர்டிடம் பயில மான்செஸ்டர் சென்றார். மற்றவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். அவர் மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில், திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

இராமானுஜன் அதற்கு முன் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. கணிதம் ஒன்றையே கருதிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் வந்த விளைவு அது. பட்டமில்லாத அவர் ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் தங்கி, நாள்தோறும் துறைமுக அலுவலகம் சென்று வந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் எஸ். நாராயண ஐயர், தாமும் கணிதம் வல்லவர். எழுத்தரின் திறத்தை உணர்ந்து, துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவர்களின் ஆதரவையும் பெற்றுத் தந்தார்.

1913 சனவரி 16ஆம் நாள், துறைமுக எழுத்தர் என்றே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு மடல் எழுதினார். அதே ஆண்டில், 27 வயதான போர் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட பாதைகளில் மட்டுமே கருவைச் சுற்றும். பாதை மாறும்போது மட்டுமே ஒளியை உமிழும் என்பது அவர் கொள்கை. ஹைட்ரஜன் ஒளியின் நிறமாலைக் கோடுகளுக்கு அது சரியான விளக்கம் தந்தது. 1922இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது இளைஞர் ஒருவரையும் இங்கு நினைத்தல் தகும். ஹென்றி மோஸ்லி, இராமானுஜனுக்கு ஒரு திங்கள் முன்னதாக, 1887 நவம்பரில் பிறந்தவர். எக்ஸ் கதிர்களைக் கொண்டு, ஒவ்வொரு தனிமத்திற்கும் அதன் கருவின் மின்னேற்றமே வரிசை எண் என்று 1913இல் காட்டினார். 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில் 27 வயதில் குண்டடிபட்டு இறந்தார்.

1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில், தாம் கணக்கெழுதிய அதே துறைமுகத்திலிருந்து இராமானுஜன் இங்கிலாந்து புறப்பட்டார். ஆறு திங்களில் உலகப்போரின் பகுதியாக 'எம்டன்' அதே துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. சற்றுக் காலம் தாழ்த்தியிருந்தால் அப்பயணமே நிகழ்ந்திருக்குமோ என்னவோ!

மூட்டைக் கணக்கு

இங்கிலாந்தில் ஹார்டியோடு கூடி இராமானுஜன் செய்த பணிகளுள் தலையாயது எண் பிரிவினை பற்றியது. அதனைத் துறைமுக மொழியிலேயே விளக்கலாம். ஒரே மாதிரியான நான்கு மூட்டைகள் உள்ளன. அவற்றைக் குவியல்களாக எத்தனை வகையில் அடுக்கலாம்? நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனி. ஆக, ஐந்து வகை. ஐந்து மூட்டைகளாயின் 7 வகை, பத்தாயின் 42, ஐம்பதாயின் 2,04,226, நூறாயின் 19,05,69,292. மூட்டை சற்றுப் பெருக, வகை கட்டின்றிப் பெருகுகிறது.

எந்த எண்ணுக்கும் இவ்வகைகளின் தொகையைக் கணிக்கும் சூத்திரத்தை ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்டனர். மக்மகான் என்பார் 200 வரைக்கும் கையால் கணக்கிட்டு அட்டவணை அமைத்திருந்தார். 200க்குரிய தொகை ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி. சூத்திரம் அந்தத் தொகையோடு துல்லியமாகப் பொருந்தியது!

அவ்வாண்டிலேயே இராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்போது அக்கழகத்தின் தலைவராக வீற்றிருந்தவர் எலக்ட்ரானைக் கண்ட தாம்சன் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் இராமானுஜனை உறுப்பினராக ஏற்றது. அதன் தலைமைப் பொறுப்பும் அவ்வாண்டு தாம்சனிடமே வந்தது. 1919இல் நோயுற்றுத் தாயகம் திரும்பிய இராமானுஜன், 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் 32 வயதில் மறைந்தார்.

கருவுக்குள் அக்கணக்கு

1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். மின்னேற்றமற்ற அத்துகள் கருவுக்குள் எளிதில் புகும். புகுந்தபின் நிகழ்வதென்ன என்பதே அன்றைய பெரும் வினா. 1936இல் போர் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். நம் தெருமுனைகளில் விளையாடும் கேரம் பலகையை எண்ணிப் பார்ப்போம். நடுவில் காய்கள் நெருக்கமாக இருக்க, 'ஸ்டிரைக்கர்' வேகமாக வந்து மோதுகிறது. அதன் வேகம் எந்த ஒரு காயிடமும் முழுமையாகச் சேர்வதில்லை. எல்லாக் காய்களுக்கும் பங்காகிறது. அவ்வாறே வந்து புகுந்த நியூட்ரானின் ஆற்றலும் கருவிலுள்ள துகள்கள் அனைத்துக்கும் பங்காகிறது என்றார் போர்.

அப்பங்கீடு எத்தனை வகையில் நிகழலாம்? இங்குத்தான் துறைமுக எழுத்தரின் கணக்கு வந்து நிற்கிறது. 1937இல் போரும் அவர்தம் இளம் உதவியாளர் பிரிட்ஸ் கால்க்கரும் கோபன்ஹேகனில் வெளியிட்ட ஆய்வில், கருவின் ஆற்றலைச் சிறு அலகுகளின் கூட்டமாகக் கருதினர். மொத்த அலகுகளை எத்தனை வகையில் பகிரலாம் என்பது எண் பிரிவினைக் கணக்கேயாகும். ஆதலின் ஹார்டி–இராமானுஜன் சூத்திரத்தையே அவர்கள் கையாண்டனர். மூட்டை பெருகினால் அடுக்கும் வகை கட்டின்றிப் பெருகுவது போல, ஆற்றல் பெருகினால் கருவின் ஆற்றல் நிலைகள் மிக நெருக்கமாகத் திரள்கின்றன என்பது விளங்கிற்று. கனமான கருக்கள் நியூட்ரான்களை ஏற்கும் விதம் இதனால் தெளிவாயிற்று.

இராமானுஜனை அணு விஞ்ஞானி என்று நாம் கூறவில்லை. அவர் அணுவை நினைத்து அச்சூத்திரத்தைச் செய்யவில்லை. நியூட்ரான் கண்டறியப்பட்டபோது அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மணிமேகலையில் நாம் செய்த தவற்றை இங்கும் செய்தல் ஆகாது. எனினும், அவர் விட்டுச் சென்ற கணக்கு கருவை அறியும் கருவிகளுள் ஒன்றாயிற்று என்பது மெய். தம் கணிதத்தால் உலகுக்கு நன்மையோ தீமையோ ஒரு பயனும் விளைந்ததில்லை என்று ஹார்டி 1940இல் எழுதினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே அவர்தம் சூத்திரம் அணுக்கருவுக்குள் புகுந்துவிட்டது!

ஆற்றலும் அச்சமும்

1938 இறுதியில் ஜெர்மனியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின்மேல் நியூட்ரானைச் செலுத்தி ஆராய்ந்தனர். கரு பிளவுபட்டது என்பதை லிசே மைட்னரும் பிரிஷும் உணர்த்தினர். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரியை எரித்து மின்சாரம் தந்தது. நிலக்கரி எரியும்போது கரியணுவின் வெளிப்புற எலக்ட்ரான்களே இடம் மாறுகின்றன; கரு அசைவதில்லை. ஓர் அணு எரிவதால் வரும் ஆற்றல் ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட். யுரேனியக் கரு ஒன்று பிளந்தால் ஏறத்தாழ 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். அணுவுக்கு அணு ஐந்து கோடி மடங்கு! நமக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1983 முதல் இயங்கத் தொடங்கிய நிலையம் இவ்வாற்றலைக் கொண்டே மின்சாரம் ஆக்குகிறது.

அதே ஆற்றல் 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் சுட்டெரித்தது. நாடுகள் தம் அறிவை மறைக்காமல் ஒன்றுக்கொன்று திறந்து வைத்தாலன்றி இவ்வச்சம் தீராது என்று 1950இல் போர் ஐக்கிய நாடுகள் அவைக்குத் திறந்த மடல் எழுதினார். கல்வி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு பொறுப்பும் உடையது என்பதை இதனால் உணர்கிறோம்.

போர் சென்னைக்கு வந்தார்

1960 சனவரியில் முதியவரான போர் நம் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர் லஸ் பகுதியில் 'ஏகாம்ர நிவாஸ்' என்னும் இல்லத்தில், பேராசிரியர் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் மாணவர்களைக் கூட்டி நவீன இயற்பியல் பயிற்றி வந்தார். பெரிய கூடமில்லை; கருவிகளில்லை; ஆர்வம் இருந்தது. அச்சிறு குழுவைக் கண்டு போர் பாராட்டினார். அப்பாராட்டும், அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவும் துணைநிற்க, 1962 சனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் சென்னையில் தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் போர் மறைந்தார். அல்லாடியின் மகனார் கிருஷ்ணசாமி அல்லாடி பின்னாளில் எண் பிரிவினைக் கணிதத்திலேயே புகழ்பெற்று, இராமானுஜன் பெயரால் ஓர் ஆய்விதழையும் தொடங்கினார்.

லாகூரிலிருந்து ஒரு கட்டுரை

1943இல் லாகூர் அரசுக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை இந்தியக் கணிதக் கழகத்தின் மாணவர் இதழில் வெளியிட்டார். இராமானுஜன் தீர்த்த சமன்பாடுகளுக்கு எளிய வழி கண்டு அவர் எழுதியது அது. ஜங் என்னும் சிற்றூரில் வளர்ந்த அம்மாணவர் அப்துஸ் சலாம். கருவின் உட்சிதைவுக்குக் காரணமான வலுவற்ற விசையும் மின்காந்த விசையும் ஒன்றின் இரு முகங்களே என்னும் கொள்கையைப் பின்னர் அவர் வகுத்தார். அதற்காக 1979இல் கிளாஷோ, வெயின்பெர்க் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

வறிய நாடுகளின் இளைஞர்கள் தனித்து வாடலாகாது என்று கருதி, 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அவர் நிறுவிய ஆய்வு மையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2005 முதல் அம்மையம் வளரும் நாடுகளின் இளங்கணித அறிஞர்க்கு வழங்கும் பரிசின் பெயர் இராமானுஜன் பரிசு. கும்பகோணத்து அந்தணரையும் ஜங்கின் முஸ்லிமையும் டென்மார்க்கின் போரையும் ஒரே கணக்கு இணைத்து வைத்தது. அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிறைவுரை

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். 'நம்மவர் பெயர் ஏன் இல்லை?' என்றார் அவர். தம்பி, பெயர் இருக்கிறது. உன் தந்தையார் மூட்டை இறக்கும் அத்துறைமுகத்தின் கணக்கேடுகளை ஒரு காலத்தில் எழுதியவரின் பெயர் அது. அதனை உனக்குக் காட்டத் தவறியது எம் குறை.

மாணவர்கட்கு ஒன்று சொல்வோம். தேர்வில் தோற்பது மேதைமைக்கு அடையாளமன்று. இராமானுஜன் தோல்வியால் உயரவில்லை, இடைவிடா உழைப்பால் உயர்ந்தார். ஆனால் ஒரு தோல்வி ஒருவரின் முடிவுமன்று. இராயபுரத்தில் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசனின் பெருமுயற்சியால் 1993இல் இராமானுஜன் அருங்காட்சியகம் அமைந்தது. நம் ஊரிலேயே அது அமைந்தது என்பதையேனும் அறிந்துகொள்ளுங்கள்.

எம்மையொத்த ஆசிரியர்க்கு ஒன்று. நாராயண ஐயர் இல்லையேல் அந்த எழுத்தர் எழுத்தராகவே முடிந்திருப்பார். கடைசி இருக்கையிலிருந்து வரும் வினாவுக்கு விடை தெரியாவிடில், தெரியாது என்று கூறித் தேடிச் சொல்வதே ஆசிரியர்க்கு அழகு. வெற்றுப் பெருமையால் கைதட்டல் கிடைக்கும், கல்வி கிடைக்காது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று. 1913 மே முதல் நாள் இராமானுஜன் துறைமுகப் பணியை விட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் திங்கள் 75 ரூபாய் உதவித்தொகையில் ஆய்வு மாணவரானார். அத்தொகையே அவரைக் கணக்கேட்டிலிருந்து கணிதத்துக்கு விடுவித்தது. இன்றும் இக்கடற்கரையில், பகலில் உழைத்து இரவில் படிக்கும் பிள்ளைகள் பலர். அவர்களுள் எவருடைய குறிப்பேட்டில் நாளைய சூத்திரம் இருக்கிறதென்று யார் அறிவார்? கொடுக்கும் கை அதனை அறிந்துகொண்டு கொடுப்பதில்லை; கொடுத்த பின்னரே உலகம் அறிகிறது.

அணுவளவு நன்மையும் வீணாகாது என்பது நாம் பிள்ளைப் பருவத்திலிருந்தே கேட்டுவரும் நெறி. அணுவைப் பற்றிய இக்கட்டுரையை அந்நினைவோடு நிறைவு செய்கிறோம்.